துணைக்கு வந்தவள்

பதுளை டவுனுக்கு மேலே, ஒரு காலத்தில் தோட்டத்துரை குடியிருந்த பழைய பங்களாவில் அந்தத் தனியார் கிளினிக் நடந்தது. மத்தியானமே பனிமூட்டம் இறங்கி ஜன்னல்களை அடைத்திருந்தது. ஈரக் குடையை மடக்கியபடி லக்ஷிகா உள்ளே வந்தாள். பிறந்த பிள்ளையைப் பறிகொடுத்த நாளிலிருந்து பேச்சையும் சாப்பாட்டையும் விட்டவள். எந்த மாத்திரைக்கும் கேட்காததால் கெட்டமின் என்ற மயக்க மருந்தை ஏற்றிப் பார்க்கலாம் என்று அனுப்பியிருந்தார்கள்.

நர்ஸ் சிவானுஜா முதலில் இதைத்தான் கேட்டாள்.

"கூட யாரு வந்திருக்கா?"

"வெளிய பெஞ்சுல ஒரு அக்கா இருக்காங்க மிஸ்."

கெட்டமின் ஏற்றினால் உடம்பு ஒரு பக்கம், நினைப்பு ஒரு பக்கமாக ஆள் மிதக்கும். இரண்டு மணிநேரம் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். அதன்பிறகும் தனியாக வீட்டுக்கு அனுப்பக்கூடாது. சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற விதி. போன மாதம் அதைத்தான் சிவானுஜா மீறினாள்.

தனலெட்சுமி அவளுடைய லயத்துக்காரி, தோட்டத்து வரிசை வீடுகளில் அடுத்த வீடு. புருஷன் போனதிலிருந்து சாகணும் சாகணும் என்று கிடந்தவள். துணைக்கு வந்தால் காலைப் பெரட்டில் நின்று பேர் கொடுக்க முடியாது, வேலை போய்விடும் என்று ஒருத்தரும் கூட வரவில்லை. "நம்ம லயத்து ஆளுதான் சேர், வேலை முடிஞ்சு நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சிவானுஜாவே துணையாளாகக் கையெழுத்துப் போட்டாள்.

மருந்து ஏறி முடிந்ததும் தனலெட்சுமி சிரித்தாள். "சிவா, எனக்குப் பசிக்குதுடி" என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த பசி. அந்த நேரம் பார்த்து இன்னொரு நோயாளிக்குப் பிரஷர் ஏறியது. சிவானுஜா அவளை நாலு மணி பஸ்ஸில் ஏற்றி, கொண்டக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடிவந்தாள்.

தனலெட்சுமி பாதி வழியிலேயே, பனிக்குள் ஒரு வளைவில் இறங்கிவிட்டாள். மறுநாள் கொழுந்தெடுக்கப் போனவர்கள் தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடும் கானுக்குள் அவளைக் கண்டார்கள். பாவி, பசியோடேயே போய்ச் சேர்ந்தாள்.

லக்ஷிகாவுக்கு மருந்து ஏறத் தொடங்கியது. அறையில் ஸ்பிரிட் வாசத்துக்கு நடுவே பச்சைக் கொழுந்து வாசம் வந்தது. பிறகு நனைந்த சாக்கு வாசம்.

"அக்காவுக்குக் குளிருதாம்" என்று லக்ஷிகா கண்ணை மூடியபடி முணுமுணுத்தாள்.

"எந்த அக்கா?"

"இங்கதான் உக்காந்திருக்காங்க."

கட்டிலோரத்து நாற்காலி காலியாக இருந்தது.

அதன் பிரம்பு மெதுவாக முனகியது, யாரோ எழும்பியதுபோல.

நாலு மணிக்கு டொக்டர் பரமலிங்கம் எட்டிப் பார்த்தார். "இவவைப் பஸ்ஸில ஏத்திவிட்டிட்டு வாங்கோ, அடுத்த ஆளுக்கு ஏத்தோணும். கூட வந்த மனுசி வெளியில பெஞ்சில இருக்கிறாதானே?"

சிவானுஜா வராந்தாவுக்குப் போனாள். பெஞ்சில் ஒருவருமில்லை. கூரைக்குக் கீழே கிடந்த அந்தப் பலகை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் உள்ளேதான் திரும்பினாள்.

"இவளுக்குத் துணைக்கு யாருமில்ல சேர். நான்தான் கொண்டுபோய் விடணும். அடுத்த ஆளுக்கு நாளைக்கு ஏத்துங்க" என்றாள். அவர் முறைத்தார். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

அதே நாலு மணி ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் லக்ஷிகாவின் கையைத் தன் கையோடு கோர்த்துக்கொண்டாள். தனலெட்சுமி இறங்கிப்போன அந்த வளைவு வந்ததும் லக்ஷிகா திடீரென்று எழும்பினாள்.

"இறங்கணும் மிஸ்."

"உன் வீடு இங்க இல்லம்மா."

"அக்கா இங்கதான்னு சொல்றாங்க."

சிவானுஜா இரண்டு கையாலும் அவள் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். "விட மாட்டேன். உக்காரு" என்று அழுதாள். இப்படி ஒருத்தி அன்றைக்குப் பிடித்திருந்தால் போதுமே. பஸ் நகர்ந்தது.

லக்ஷிகாவின் அம்மா வாசலுக்கே ஓடிவந்தாள். "ராத்திரிக்குத் தனியா விட்டுறாதீங்க" என்று சொல்லி, மகளை அவள் கையில் ஒப்படைத்துவிட்டுச் சிவானுஜா புறப்பட்டாள். லக்ஷிகா கூப்பிட்டாள்.

"மிஸ், அந்த அக்காவையும் அவங்க வீட்ல விட்டுருங்க."

"யாரை?"

"உங்களுக்குப் பின்னாலதான் நிக்கிறாங்க. வழி தெரியலயாம்."

சிவானுஜா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் பயத்தை முந்திக்கொண்டு அழுகை வந்தது. ஒரு மாதமாக இந்தப் பனிக்குள் வழி தேடிக்கொண்டா திரிகிறாள்?

"வா தனம்" என்றாள். "நான் கூட்டிட்டுப் போறேன்."

பின்னால் காலடிச் சத்தம் தொடங்கியது. ஒரு அடி நேராக, ஒரு அடி கோணலாக, மருந்து தெளியாதவர்கள் வைக்கிற அடி. சிவானுஜா தன் லயத்துப் பக்கம் மெதுவாக நடந்தாள். படி வந்தபோது, "படி இருக்கு, பாத்து" என்றாள்.

தனலெட்சுமியின் கதவு பூட்டிக் கிடந்தது.

"இதுதான் உன் வீடு. வந்துட்ட."

காலடி நின்றது. சிவானுஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

அந்தக் காலடியும் அவள் பின்னாலேயே வந்தது.