தரப்படாத பழுது

சனிக்கிழமை காலை சரியாக ஒன்பது மணிக்கு ஆசீரின் வண்டி கெட்டுப்போனது. வாராவாரம் அதே நேரத்துக்குத்தான் கெட்டுப்போகும். உடன்குடியில் அந்த நொடியில் எல்லார் வீட்டு வண்டியும் கெட்டுப்போயிருக்கும் என்பதால் அவர் அதற்காகத் தனியாக வருத்தப்படவில்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, பதினொரு கருவிகள் கொண்ட அரசுப் பையுடன் வாசலுக்கு வந்தார்.

வண்டிகளுக்கு உண்மையில் பழுது வருவதில்லை. தேய்ந்த இடத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் உலோகம் வந்து இருபது வருடமாகிறது. அதன்பின் மனிதனுக்குத் திருகவோ முடுக்கவோ ஒன்றும் மிஞ்சவில்லை. சும்மா இருந்த கைகள் மூளையையும் சும்மா இருக்கப் பழக்கின. நாற்பது வயதுக்காரர்கள் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டி நின்றார்கள். மருத்துவர்கள் அதற்குக் கைமறதி என்று பெயர் வைத்தார்கள். அரசாங்கம் சட்டம் போட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு வண்டியிலும் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பழுதூட்டி. சனிக்கிழமைதோறும் அது ஒரு பழுதையும் ஒரு துப்பையும் கொடுக்கும். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் சொந்தக்காரர் தன் கையாலேயே சரிசெய்தாக வேண்டும். தவறினால் அடுத்த சனி வரை வண்டி நகராது. அக்கம்பக்கத்தார் வாயால் உதவலாம், கை வைக்கக் கூடாது. அதனால் சனிக்கிழமைகளில் தெரு முழுக்க ஒரே சத்தமாக இருக்கும்.

ஆசீரின் கைத்தரம் இரண்டு. அதற்குக் கீழே ஒன்று என்றும் ஒரு தரம் இருந்தது. அது பள்ளிப் பிள்ளைகளுக்கானது. ஆனால் இந்தப் பிக்அப்பைப் பழசாக வாங்கியபோது முந்தைய சொந்தக்காரியின் தரமும் கூடவே வந்துவிட்டது. கோவில்பட்டியில் பட்டறை வைத்திருந்த அந்த அம்மாளின் தரம் ஒன்பது. பெயர்மாற்றம் முடியத் தொண்ணூறு நாள் ஆகும். அதுவரை வண்டி ஆசீரை அந்த அம்மாளாகவே நினைத்துப் பழுது கொடுக்கும். பிறந்ததிலிருந்து தன்னை யாரும் இவ்வளவு உயர்வாக நினைத்ததில்லை என்பதால் ஆசீருக்கு அதில் ரகசியமாக ஒரு பெருமை.

"என்னவே, இன்னைக்கு என்ன துப்பு?" என்று காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டினார் பக்கத்து வீட்டுத் தவமணி அண்ணாச்சி. தரம் ஏழு. அதைச் சட்டைப்பையில் வில்லையாகக் குத்திக்கொண்டே தூங்குவார் என்று ஊரில் பேச்சு.

"'ஏறும்போது முனகும், இறங்கும்போது மூச்சுவிடாது'ன்னு போட்டிருக்கு அண்ணாச்சி."

"பின் சக்கரத்து பிரேக் கட்டைவே. வீட்டுக்காரிகிட்ட கேட்டாலும் சொல்லுவா."

வீட்டுக்காரியிடம் கேட்க முடியாது. ஜெபமலருக்குச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு, அதனால் அவள் எந்தப் பழுதையும் தொட்டதில்லை. தேனீ வளர்ப்பவர்களின் கைகளுக்குச் சும்மா இருக்க நேரமில்லை என்று அரசே ஒப்புக்கொண்டிருந்தது. முருங்கைத் தோப்பில் அவளுக்கு நாற்பது பெட்டிகள். அடுத்த தோப்புக்காரர் திங்கட்கிழமை விடியற்காலையில் பூச்சிமருந்து அடிக்கப்போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குள் பெட்டிகளைத் திசையன்விளைக்கு, அவள் தம்பி தோட்டத்துக்குக் கொண்டுபோயாக வேண்டும். ஞாயிறு சாயங்காலம் தேனீக்கள் வீடு திரும்பியதும் வாசலை அடைத்து ஏற்றுவதாக ஏற்பாடு.

"நாளைக்கு அஞ்சரைக்கு வண்டி வேணும். வேற யாருகிட்டயும் கேக்க முடியாது. தேனீன்னு சொன்னா ஊர்ல எல்லார் வண்டிக்கும் ரெண்டாவது பழுது வந்துரும்" என்றாள்.

"என் மேல நம்பிக்கை இல்லியா மலரு?"

"நீங்க பிரேக்க பாருங்க."

பிரேக் கட்டையை மாற்றி முடிக்க ஆசீருக்கு இருட்டும்வரை ஆனது. அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டிவிட்டது. திரையில் பச்சை விளக்கு எரிந்தபோது ஆசீர் வண்டியின் பானட்டைத் தட்டிக்கொடுத்தார். கோவில்பட்டி அம்மாள் செய்திருந்தால் இதைவிட நன்றாக, நான்கில் ஒரு பங்கு நேரத்தில், செய்திருப்பார்; அவ்வளவுதான் வித்தியாசம்.

ஞாயிறு நாலரைக்கு ஆசீர் பொத்தானை அழுத்தினார். வண்டி அசையவில்லை. மறுபடி அழுத்தினார். திரையில் ஒரு வரி மட்டும் வந்தது: *பழுது எதுவும் தரப்படவில்லை.*

அண்ணாச்சி வந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் படித்தார்.

"ஒம்பதாம் தரம்னா சும்மாவா. துப்பே இல்ல பாத்தீரா? துப்பு இல்லைங்கதுதான்வே துப்பு."

விஷயம் பரவி ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். இது பொறுமையைச் சோதிக்கும் பழுது, ஒரு மணி நேரம் ஒன்றும் செய்யாமல் இருந்தால் சரியாகும் என்றார் ஒருவர். இல்லை, போன வாரப் பழுதிலேயே இதற்கு விடை இருக்கும் என்றார் இன்னொருவர். ஆசீர் கைத்தர வாரியத்தின் உதவி எண்ணை அழைத்தார்.

"உங்கள் வண்டிக்குப் பழுது எதுவும் தரப்படவில்லை" என்றது இனிமையான குரல். "தராத பழுது இருக்க வாய்ப்பில்லை. உங்கள் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது."

"ஓடலியேம்மா."

"ஓடிக்கொண்டிருக்கிறது. இனிய பயணம்."

மணி ஐந்தேகால். ஆசீர் பதினொரு கருவிகளையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். எல்லாம் அவரை இரண்டாம் தரமாகவே பார்த்தன. தோப்புப் பக்கமிருந்து ஜெபமலர் வருவது தெரிந்தது. கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவர் அவளிடம் சொல்லப் பயந்த செய்திகள் பல உண்டு. அந்தப் பட்டியலில் இது முதலிடத்துக்கு ஏறியது.

"மலரு, வண்டி எடுக்கல. என்னன்னு ஒருத்தருக்கும் புரியல. நாப்பது பெட்டியும் போயிருமோன்னு இருக்கு."

அவள் தேனீக்களை அடக்கும் புகைக்குடுவையைக் கீழே வைத்துவிட்டு, பானட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். பிறகு முகர்ந்தாள்.

"எலிப் புழுக்கை கெடக்கு. வயர கடிச்சிருக்கு."

கூட்டம் முன்னால் நகர்ந்து எட்டிப்பார்த்தது. வயர்களின் உறை இப்போதெல்லாம் சோளமாவில் செய்யப்படுகிறது, மண்ணில் மக்கிவிடும். எலிக்கும் அது பிடிக்கும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. உலோகம் தன் தேய்மானத்தை ஆற்றிக்கொள்ளும். தின்னப்பட்டதை எப்படி ஆற்றிக்கொள்வது என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"பாடத்திட்டத்துல எலி கெடையாதேம்மா" என்றார் அண்ணாச்சி, வருத்தத்தோடு.

"எலிக்கு அது தெரியாது அண்ணாச்சி."

"நீ கை வைக்கக் கூடாது. சட்டம்."

"தந்த பழுதுக்குத்தான் சட்டம். இது எலி தந்தது." அவள் ஆசீரிடம் திரும்பினாள். "பெட்டிக்குள்ள அடை தாங்குத தேன்சட்டத்துல இழுத்துக் கட்டுவோம்லா, அந்தக் கம்பியில ஒரு சாண் வெட்டிட்டு வாங்க. மெழுகு ஒரு உருண்டை."

அவள் கம்பியால் முறுக்கிக் கட்டினாள்; ஆசீர் மெழுகை உள்ளங்கையில் உருட்டி இளக்கி அதன்மேல் பூசினார். வண்டி எடுத்தது. ஏழு மணிக்கெல்லாம் நாற்பது பெட்டிகளும் பின்னால் ஏறிவிட்டன. திசையன்விளை வரை ஆசீர் இருபதுக்கு மேல் ஓட்டவில்லை. வழியெல்லாம் பின்னாலிருந்து வந்த ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டே, இதில் ஒரு தேனீக்காவது என் பெயர் தெரியுமா என்று மனைவியிடம் கேட்டார். தெரியாது என்றாள் அவள். ஆனால் அவர் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

பழுதூட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. தான் தராத ஒரு பழுது சரிசெய்யப்பட்டதை அது வாரியத்துக்குத் தெரிவித்தது. வாரியத்தின் பெருங்கணிப்பான் யோசித்து, அடுத்த சனிக்கிழமை மாநிலம் முழுவதும் ஏழாம் தரத்துக்காரர்களின் வண்டிகளில், எலி கடித்த மாதிரியே வயர்களை அறுத்து வைத்தது. சரியான விடை ஒன்றுதான்: தேன்சட்டக் கம்பி, தேன்மெழுகு. சாதாரண டேப் சுற்றியவர்களுக்குத் தவறு என்று சிவப்பு விளக்கு எரிந்தது. பத்து மணிக்குள் ஜெபமலர் வீட்டு வாசலில் வரிசை நின்றது. வரிசையில் முதல் ஆள் அண்ணாச்சி.

"ஒரு உருண்டை மெழுகும்மா. எலிப் பாடம் வந்திருக்கு."

"உங்க வண்டியில நெசமாவே எலி இருக்கான்னு பாத்தீங்களா?"

"அதெதுக்கும்மா? விடைதான் தெரிஞ்சுபோச்சே."

ஆசீர் அந்த வரிசையை எட்டிப்பார்க்கக்கூட இல்லை. அன்று மாலை திசையன்விளைக்குப் போய்ப் பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். மருந்து வாடை போய், முருங்கையில் இன்னும் பூ இருந்தது. அவர் ஒன்பது மணிக்கே திரையைப் பார்த்துவிட்டார். *பழுது எதுவும் தரப்படவில்லை.*

இந்த முறை அவர் கலங்கவில்லை. எலி என்று தீர்மானித்தார். பானட்டைத் திறந்தார். வயர் நன்றாக இருந்தது. அதற்குப் பின்னாலிருந்த மூடியைக் கழற்றினார். அங்கும் நன்றாக இருந்தது. டேஷ்போர்டைப் பிரித்தார். இருக்கைகளை வெளியே எடுத்து வைத்தார். மத்தியானச் சோற்றை நின்றுகொண்டே சாப்பிட்டார். எங்கேயும் ஒரு புழுக்கைகூடக் கிடைக்கவில்லை. நான்கு மணிக்கு எல்லாவற்றையும் இருந்தபடியே பூட்டினார். ஏறக்குறைய இருந்தபடியே. தரையில் நான்கு திருகாணிகளும் ஒரு சுருள்வில்லும் மீதி இருந்தன.

மெழுகு விற்றுத் தீர்ந்த கையோடு ஜெபமலர் வந்தாள். திரையைப் படித்தாள். தரையைப் பார்த்தாள்.

"காலையில பொத்தான அமுக்கிப் பாத்தீங்களா?"

ஆசீர் யோசித்தார். காலையில் அவர் திரையைப் படித்தார், புரிந்துகொண்டார், பானட்டைத் திறந்தார். அமுக்கவில்லை.

"அமுக்கல" என்றார்.

அவள் உள்ளே எட்டிப் பொத்தானை அழுத்தினாள். வண்டிக்குள் எங்கோ ஒரு கிளிக் சத்தம் கேட்டது, பிறகு ஒன்றுமில்லை. திரையில் அதே வரி மாறாமல் நின்றது. பழுதூட்டியிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. போன வாரம் அதிகமாக ஒரு பழுது தீர்ந்த கணக்கில், இந்த வாரம் அது ஒன்றும் தரவில்லைதான்.

ஜெபமலர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"சரி, நீங்க குடுத்த பழுத நீங்களே எடுங்க. நான் வாயால மட்டும் உதவுதேன்."