துரும்பு கிள்ளியவள்

அடுப்பு பற்றவைக்கும் முன்பே வினோதா ஆரம்பித்துவிட்டாள். நாத்தனார் அஞ்சலாட்சி அன்றைக்கு மீன் கூடை தூக்கவில்லை. குடும்பக் கோர்ட்டுக்குப் போகிறாள். கையெழுத்துப் போட்டோமா, வந்தோமா என்று இருக்க வேண்டும், அங்கே வாயைத் திறந்து ஊரைப் பகைத்துக்கொள்ளக் கூடாது, நானும் கூடவே வருகிறேன் என்றாள். எப்போதும் சொல்வதையும் கடைசியில் சொன்னாள்.

"பெத்த புள்ளைய உட்டுட்டு வந்தவதான நீ... இப்ப என்னா புதுசா பாசம்?"

அஞ்சலாட்சி பாயைச் சுருட்டி வைத்தாள். அந்தப் பேச்சு தலைச்சுமை மாதிரி. கனக்கிறது என்று நடுவழியில் இறக்கி வைக்க முடியுமா? உப்பளம் பேட்டையில் அண்ணன் செல்வகுமார் வீட்டில் பாய் விரிக்க இடம் கிடைத்த நாளிலிருந்து சுமக்கிறாள்.

புருஷன் ராஜவேல் குடித்துவிட்டு அடித்த அடி தாங்காமல் அவள் வெளியே வந்தபோது மகள் அபி ஒன்றாம் வகுப்பு. வழக்கு ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போனது. கடலோர ஊரில் அதுதான் கோர்ட்டு. அவளை நடுவில் நிறுத்தி, ஒரு துரும்பைக் கையில் கொடுத்து, கிள்ளிப் போடச் சொன்னார்கள். கிள்ளினாள். அதோடு புருஷன் பொண்டாட்டி உறவு அறுந்தது. பிள்ளை தகப்பனுக்கு. தாய் அந்தத் தெருவை மிதிக்கக் கூடாது. ஊர் தீர்த்தால் தீர்ந்ததுதான் என்று எல்லோரையும் போல அவளும் நம்பினாள். அபி இப்போது ஏழாவது படிக்கிறாள். ரெட்டியார்பாளையத்துத் தெருக்களில் மீன் விற்கும்போது எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் அஞ்சலாட்சிக்குக் கூவ வராது.

இப்போது ராஜவேலுக்கு இரண்டாவதாகப் பெண் பார்த்திருந்தார்கள். பெண் வீட்டார் விவரமானவர்கள். துரும்பெல்லாம் வேண்டாம், கோர்ட்டில் விவாகரத்து வாங்கி வா என்றுவிட்டார்கள். அதற்குத்தான் அவளுடைய சம்மதம் வேண்டியிருந்தது.

இலவச சட்ட உதவியில் அவளுக்குக் கிடைத்த வக்கீல் கலைவாணி, கோர்ட்டு வராந்தாவில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அக்கா, ஊர் அத்துவிட்டது சட்டத்துல செல்லாது. புள்ளைய பாக்கக் கூடாதுன்னு சொல்ல அவங்களுக்கு அதிகாரமே கெடையாது. ஒதுக்கி வைக்கறேன்னு மிரட்டுனாலும் அது குத்தம்."

அஞ்சலாட்சி பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பூட்டே போடாத கதவுக்கு வெளியேவா இத்தனை வருஷம் நின்றேன்...

உள்ளே கூப்பிட்டார்கள். நீதிபதி அம்மா மனுவைப் படித்துவிட்டு, பிள்ளை விஷயத்தில் என்ன முடிவு என்று கேட்டார். தகப்பனிடமே இருக்கட்டும், தாய் கேட்கவில்லை என்றார் ராஜவேலின் வக்கீல். வாசலில் நின்ற வினோதா, பேசாதே என்று கண்ணைக் காட்டினாள்.

"கேக்கறேம்மா," என்றாள் அஞ்சலாட்சி. "எம்புள்ள எங்கிட்ட வந்து போவணும். கையெழுத்து அப்புறம்."

தகப்பனோடு வந்திருந்த அபியை நீதிபதி தன் அறைக்குள் அழைத்துத் தனியாகப் பேசினார். மற்றவர்கள் வராந்தாவில் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அபி வெளியே வந்து, நேராகத் தாயின் எதிரில் நின்றாள்.

"அம்மாகிட்ட போவ இஷ்டமான்னு கேட்டாங்க. ஒண்ணு கேட்டுட்டு வந்து சொல்றேன்னேன். ஊரே பாக்க எதுக்கு துரும்பு கிள்ளின? என்னை வேணாம்னுதான?"

அஞ்சலாட்சி வினோதாவைப் பார்த்தாள். சொன்னால் அண்ணியின் காதில் விழும். மூடி மூடி வைத்ததெல்லாம் உடையும்.

ராஜவேல்தான் பேசினான். குடியை விட்ட பிறகு அவன் அதிகம் பேசுவதே இல்லை.

"அது எனக்குக் கிள்ளுன துரும்பு அபி, உனக்கில்ல. உன்னக் குடுக்க மாட்டேன்னுதான் நின்னா. ஒத்துக்கலன்னா ஒங்க மாமா படகு கடல்ல எறங்காதுன்னு பெரியாளுங்க அவள தனியா கூப்ட்டுச் சொன்னாங்க. மாமா அப்ப கடல்ல இருந்தாரு. பக்கத்துல நான்தான் நின்னேன்... வாயத் தொறக்கல."

வினோதா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் படகில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது.

"எங்கிட்டகூட சொல்லலியே அஞ்சல..."

"சொல்லியிருந்தா அண்ணன் சண்டைக்குப் போயிருக்கும் அண்ணி. படகு போயிருக்கும்."

"தெனமும் என்னா பேச்சு பேசுனேன்... ஒரு வார்த்த திருப்பிக் கேட்டிருக்கக் கூடாதா நீ?" நாத்தனாரின் இரண்டு கையையும் எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு வினோதா அழுதாள். அபி திரும்பி நீதிபதியின் அறைக்குப் போனாள்.

மறுபடி கூப்பிட்டபோது நீதிபதி சொன்னது அஞ்சலாட்சிக்குப் பாதிதான் காதில் ஏறியது. கலைவாணி வெளியே வந்து விளக்கினாள். விவாகரத்துக்கு இன்னும் காலம் ஆகும். அதுவரை பள்ளிக்கூட நாட்களில் பிள்ளை தகப்பனோடு இருக்கும். வாராவாரம் வெள்ளிக்கிழமை சாயந்திரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வரைக்கும் தாயோடு. படிப்பு, வைத்தியம் எதுவானாலும் இரண்டு பேரையும் கேட்டுத்தான் முடிவு. நடுவில் யாரும் தடுக்கக் கூடாது, ஊரும்தான்.

ராஜவேல் மறுப்புச் சொல்லவில்லை. கோர்ட்டு வாசலில் வெயில் தாழ்ந்திருந்தது. ஆட்டோ பிடிக்க அவன் கை நீட்டினான். அபி ஏறவில்லை.

"வெள்ளிக்கிழமன்னா... அது இன்னிக்கிதானப்பா?"

கலைவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராஜவேல் மகளைப் பார்த்தான், பிறகு அஞ்சலாட்சியைப் பார்த்தான். துணிமணியை உப்பளத்துக்குக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினான்.

அபி பக்கத்தில் வந்தாள். இடுப்பு உயரத்தில் விட்டுவந்த பிள்ளை. அந்த நினைப்பிலேயே அஞ்சலாட்சி கையை விரித்துக்கொண்டு குனிந்தாள். குனிய வேண்டியிருக்கவில்லை. மகளின் முகம் அவள் தோளிலேயே வந்து சாய்ந்தது.