கஞ்சிக்குள் குளிசை

போன் அலறியது.

கை நடுக்கத்தில் மர்ஷூதா அதை ஒரு தடவை நழுவவிட்டு, பிறகுதான் எடுத்தாள்.

"மர்ஷூதாவா? நான் கிளினிக் டொக்டர் கதைக்கிறன். உங்கட ரத்த ரிப்போட் வந்திருக்கு. தைரொய்ட் குளிசை ஒரு நாளைக்கு எத்தின போடுறீங்க?"

"ஒண்டுதான் டொக்டர்..."

"ரிப்போட் அப்பிடிச் சொல்லல்லையே. அளவுக்கு மேல கன குளிசை உள்ள போயிருக்கு. இப்பிடியே போனா இதயம் தாங்காது. வேற யாரும் உங்களுக்குத் தாறாங்களா?"

மர்ஷூதா மனதுக்குள் நாட்களை எண்ணிப் பார்த்தாள்.

நோன்பு தொடங்கியதிலிருந்தே இப்படித்தான். நெஞ்சு படபடக்கிறது. உறக்கம் இல்லை. உடம்பு உருகுகிறது. நோன்புக் களைப்பு என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தாள், பாவம்.

குசினி அடுப்படியிலிருந்து சத்தம்.

டக்... டக்... டக்...

கரண்டியால் எதையோ நசுக்கும் சத்தம்!

இந்த வீட்டில்தான் அவள் புருஷன் நூஹுவின் முதல் மனைவி அஸ்கா உயிர் பிரிந்து மௌத்தானாள். அதுவும் ஒரு நோன்பு மாதத்தில். எப்படி என்று கேட்டால் மாமியும் சரி, நூஹுவும் சரி, வாயே திறப்பதில்லை.

போனைப் பிடித்தபடியே மர்ஷூதா நடந்தாள். குசினி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

நூஹுவின் உம்மா, மாமி அலீமா, முதுகைக் காட்டி நின்றாள். கையில் கரண்டி. கரண்டியில் வெள்ளைத் தூள். அது மர்ஷூதாவின் கஞ்சிக் கோப்பைக்குள் கொட்டப்பட்டது.

"மாமி..."

அலீமா திடுக்கிட்டுத் திரும்பினாள். கரண்டி விழுந்தது.

"என்னயும் அஸ்கா போன இடத்துக்கு அனுப்பப் போறீங்களா?"

"அல்லாஹ்வே! என்ன கதை இது மகள்?"

"அப்ப இது என்ன?"

அலீமாவின் முகம் சுருங்கியது.

"உன்ட குளிசதான். டவுன் பாமசியில வாங்கின. அஸ்காக்கும் இதே வருத்தம். நோன்பெண்டு குளிசைய அப்பிடியே உட்டுட்டா. உடம்பு குளிர்ந்து, ஒரு நாள் எழும்பவே இல்ல. காலையில தேத்தண்ணிக்கு முந்தி குளிச போடுற நீ, நோன்பு வந்ததோட போடுறத நான் காணல்ல. கேட்டா கோவிப்பாய். அதான் கஞ்சியில..."

"விடியமுன் சஹருக்கு எழும்பின உடன, நீங்க எழும்ப முந்தி, நான் போட்டுடுறன் மாமி!"

அலீமா கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

போன் பேசியது.

"எல்லாம் கேட்டுட்டுத்தான் இருக்கன். மர்ஷூதா, இப்பவே வாங்க, ஈசிஜி எடுக்கணும். நான் சொல்லும் வரைக்கும் ஒரு குளிசையும் வேணாம். பிறகு ரத்தத்தப் பாத்து அளவ நாங்க சொல்லுவம். கூட்டுறதும் குறைக்கிறதும் வீட்டு வேலை இல்ல."

வாசலில் வண்டிச் சத்தம். கடற்கரையிலிருந்து நூஹு வந்துவிட்டான். நடந்ததைக் கேட்டதும் அவன் முகம் கறுத்தது. முகம் கழுவப் போனான்.

கிளினிக்குக் கிளம்புமுன் நோன்பு திறக்கப் பாங்கு சொன்னார்கள். மர்ஷூதா பேரீச்சம்பழத்தைக் கடித்தாள். கொலைகாரி இல்லை, மாமிதான். நெஞ்சுக்குள் கிடந்த பயம் இறங்கியது. பிளாஸ்கில் இருந்த இஞ்சித் தேத்தண்ணியை ஊற்றினாள். நோன்பு முழுக்க நூஹு கடலுக்குப் போகுமுன் அவளுக்கென்று போட்டு வைக்கும் தேத்தண்ணி.

உதட்டருகே கொண்டுபோன கோப்பையை ஒரு கை வந்து பிடித்தது.

நூஹு!

"அதக் குடிக்காத."

"ஏன் மச்சான்?"

அவன் சேர்ட் பொக்கெட்டுக்குள் கையை விட்டு ஒரு குளிசைக் கார்ட்டை எடுத்தான். பாதிக்கு மேல் காலி.

"உம்மாவும் போடுறது எனக்குத் தெரியாது புள்ள..."

வெட்டாமல் மேசையில் கிடந்த போன் தொண்டையைச் செருமியது.

"உங்கட கண்டக்குழி ஊருக்கு ஒரு டொக்டர் வேணுமெண்டு போன மாசந்தான் மேலிடத்துக்கு எழுதினன். ஒரே வீட்டுல ரெண்டு பேர் இருக்கிறது தெரியாமப் போச்சு!"