நிரஞ்சனாவுக்கு ஏற்ற இடம்

பெரணிச் செடிக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. இலையைக் கவ்வியிருந்த இசைவுமானி சிவப்பாகவே எரிந்தது.

"ஏசி காத்து நேரா அடிக்குதுங்க. இங்க வெச்சா ஒரே வாரத்துல கருகிரும்," என்றாள் ஜெசிந்தா.

வெயிலுக்குப் பயந்து கோவையின் அலுவலகங்கள் ஜன்னல் கண்ணாடிகளை நிரந்தரமாக மூடிவிட்ட காலம் அது. பச்சையைப் பார்க்க வேண்டுமானால் உள்ளே வளர்த்தால்தான் உண்டு. முன்பெல்லாம் அழகாகத் தெரிகிற மூலையில் செடியை வைத்து, செத்ததும் புதியது வாங்குவார்கள். இசைவுமானி வந்தபின் அந்த ஊகம் தேவைப்படவில்லை. இலைக்குள் ஓடும் நுண்மின் துடிப்பை அது உணரும். தொட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தால், செடிக்குப் பிடித்த இடத்தில் பச்சை எரியும். அப்படி இடம் பார்த்துக் கொடுப்பதுதான் ஜெசிந்தாவின் தொழில்.

அன்று அவள் இடம் பார்க்க வந்திருந்த காப்பீட்டு நிறுவனத்தில் தொட்டியைத் தூக்க அவளுக்கு உதவியவன் தமீம். கணக்கில் அடிக்கடி பிழை விட்டதால் மாதக் கடைசியில் அவனை வேலையிலிருந்து அனுப்புவதாக இருந்தார்கள். கிழக்கு ஜன்னலை நெருங்கியதும் விளக்கு பச்சையானது. தொட்டியை இறக்கிய பிறகுதான் ஜெசிந்தா கவனித்தாள். கவ்வி இலையிலிருந்து நழுவி, தமீமின் விரலைப் பிடித்திருந்தது.

"சார், இந்தப் பச்சை செடிக்கில்லீங்க. உங்களுக்கு."

இருவரும் சிரித்தார்கள். ஆனாலும் போகப்போகிறவன்தானே என்று தமீம் அன்று முதல் அங்கேயே உட்கார்ந்தான். அவனுடைய பழைய நாற்காலிக்கு முதுகுப்பக்கம் வாசல். யார் கடந்தாலும் திரும்பிப் பார்ப்பான். புதிய இடத்தில் பிழைகள் குறைந்துகொண்டே வந்தன. அவனை அனுப்பும் பேச்சு நின்றது.

கிளை மேலாளர் நிரஞ்சனா ஜெசிந்தாவை அழைத்தாள்.

"எல்லாரையும் அளந்துடலாம். எந்த இடமும் ஒத்துவராதவங்கள இங்க வெச்சு என்ன பண்றது?"

"செடின்னாலே அப்படித் தூக்கிப் போட மாட்டோமுங்க மேடம். வெளிச்சத்த மாத்திப் பாப்போம், தண்ணிய மாத்திப் பாப்போம்."

"இது ஆபீஸ்ங்க," என்றாள் நிரஞ்சனா.

மற்றவர்களின் பயத்தைப் போக்க முதலில் தன் விரலிலேயே கவ்வியை மாட்டிக்கொண்டாள். அவளுடைய கண்ணாடி அறையில் விளக்கு சிவப்பாக எரிந்தது.

"இன்னொரு தடவை பாருங்க."

மறுபடியும் சிவப்பு. அந்த அறைக்காக அவள் பல வருடம் போராடியிருந்தாள். வெளியிலிருந்து எல்லோரும் பார்க்க, கவ்வியோடு எழுந்து நடந்தாள். ஜன்னலோரம் சிவப்பு. தாழ்வாரக் கோடியிலும் சிவப்பு. இழப்பீட்டுப் பிரிவின் நடுவில், பேச்சு ஓயாத மேசைகளுக்கு இடையே, பச்சை எரிந்தது.

"கூட்டமா வளர்ற இனம்," என்றாள் ஜெசிந்தா மெதுவாக, ஒரு செடியைப் பற்றிச் சொல்வது போலவே. "தனியா வெச்சா இலை நுனி காஞ்சுரும். நாலு செடியோட வெச்சா ஒண்ணோட ஈரத்துல இன்னொண்ணு தழைக்கும்."

நிரஞ்சனா தன் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அறைக்குப் போனதிலிருந்து மாலையானால் அவளுக்குத் தலைவலி. பொறுப்பு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

அடுத்த வாரம் எல்லோர் விரலிலும் இசைவுமானி ஏறியது; அவளுடைய மேசை நடுவுக்கு வந்தது. அன்று மதியத்துக்குள் சுற்றியிருந்த அத்தனை பேரின் விளக்கும் சிவந்துவிட்டது. பேச்சு நின்றது. பக்கத்து மேசை பரிமளா டிபன் பாக்ஸைச் சத்தமில்லாமல் மூடினாள்.

நிரஞ்சனா ஜெசிந்தாவுக்குப் போன் செய்தாள்.

"எனக்கு மட்டும்தான் பச்சை. என்னாலதான் அவங்களுக்குச் சிவப்பு. திரும்பி ரூமுக்கே போயிடவா?"

"செடிங்களுக்குள்ள பயம் கிடையாதுங்க மேடம். அதனால இடம் பாத்தா போதும். மனுசருக்கு என்ன செய்யறதுன்னு எனக்கும் தெரியலீங்க."

நிரஞ்சனா திரும்பிப் போகவில்லை. அளவை வைத்து யாரையும் அனுப்பப் போவதில்லை என்று முதலில் அறிவித்தாள். விளக்குகள் மாறவில்லை. யாராவது எழுந்தால் நிமிர்ந்து பார்க்கும் பழக்கத்தை விட்டாள். அதிலும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் தன் திரையைக் காட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இந்த க்ளெய்ம நான்தான் தப்பா பாஸ் பண்ணிட்டேன். எப்படிச் சரி பண்றதுன்னு தெரியல."

பரிமளா நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"எங்க, காட்டுங்க மேடம்."

தமீமும் எழுந்து வந்தான். இதே தப்பைத் தான் எத்தனை விதமாகச் செய்திருக்கிறான் என்று அவன் விளக்க, நிரஞ்சனா வாய்விட்டுச் சிரித்தாள். அதுவரை அவள் சிரித்து அந்தத் தளத்தில் யாரும் கேட்டதில்லை.

சில மாதங்களில் அங்கே எந்த இசைவுமானியும் சிவப்புக் காட்டவில்லை. யார் எங்கே உட்கார்ந்தாலும் பச்சைதான். தயாரித்த நிறுவனம் சந்தேகப்பட்டு ஒரு பொறியாளரை அனுப்பியது. அவர் தன் விரலிலேயே மாட்டிச் சோதித்தார். பரிமளா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். நிரஞ்சனா டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, வெயிலில் எவ்வளவு தூரம் வந்தார் என்று விசாரித்தாள்.

அவருக்கும் பச்சை எரிந்தது.

டீயை ரசித்துக் குடித்து முடித்தார். பிறகு, கருவிகள் எல்லாமே பழுது என்று சொல்லி வாரிக்கொண்டு போய்விட்டார்.