திரையில் நின்றுபோன கைகள்

மாத்திரை காலையிலா இரவிலா என்று சின்னவளின் கைகள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மருத்துவமனைத் திரையில் அவை அந்தரத்தில் நின்றுவிட்டன. பிற்பகல் இரண்டு மணி. காது கேளாத நோயாளியும் டாக்டரும் அசையாத இரண்டு கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் மருத்துவமனையிலிருந்து சின்னவளுக்கு ஃபோன் வந்தது. நாலு மணிக்கு இன்னொரு நோயாளி. அதிலும் இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார்கள்.

சின்னவள் அந்த வீட்டின் இளைய மருமகள். மாடி அறையிலிருந்து வீடியோவில் சைகை மொழிபெயர்ப்பவள். அவள் கணவன் வெளியூர் வேலையில் இருந்தான். கீழே அவனுடைய அண்ணன், கல்யாண ஃபோட்டோகிராபர். எதிர் அறையில் கொழுந்தன், படம் பார்த்துக்கொண்டே வேலை தேடுபவன். எல்லாருக்கும் ஒரே வைஃபை. ஒரு மாதமாக அது இழுத்துக்கொண்டிருந்தது. "இவன் படத்தாலதான்" என்று முதலில் சொன்னவர் ஃபோட்டோகிராபர். அன்றிலிருந்து பழியெல்லாம் கொழுந்தன் தலையில்தான் விழுந்தது. இன்று சின்னவள் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டாள். அவன் பையில் துணி அடுக்க ஆரம்பித்தான். நண்பன் அறைக்குப் போகிறானாம்.

இரண்டரைக்கு நாத்தனார் வந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. எந்தக் கடை தானாகத் தீப்பிடித்தது, எதை முதலாளியே கொளுத்தினார் என்று கண்டுபிடிப்பது அவள் தொழில். துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் அவளுக்குத் துருவி என்றே பெயர்.

"டாக்டர் முகம் உனக்கு நின்னுச்சா?"

"இல்லண்ணி. அவர் நல்லாத்தான் தெரிஞ்சார். என் படம்தான் அங்க நின்னுபோச்சாம்."

துருவி கொழுந்தனின் அறையை எட்டிப் பார்த்தாள். சினிமா வீட்டுக்குள் வருவது. சின்னவளின் கைகள் வீட்டை விட்டு வெளியே போவது. அடைபட்டது வெளியே போகிற வழி. பார்க்கிறவன் எதையும் வெளியே அனுப்புவதில்லை என்று அவள் சொன்னாள். சின்னவள் நம்பவில்லை. துருவியும் அவனை முழுசாக விட்டுவிடவில்லை. யாரையும் முழுசாக நம்பினால் அவளுக்குச் சோறு இறங்காது.

அடுத்து வெளியூரில் இருந்த தம்பிக்கு, சின்னவளின் கணவனுக்கு, ஃபோன் போட்டாள். போன வருஷமே வைஃபை பெட்டியின் செட்டிங்கில் மனைவியின் கம்ப்யூட்டருக்கு முதலிடம் கொடுத்துவைத்ததாகச் சொன்னான். அது கேட்டதைக் கொடுத்து, மிஞ்சினால்தான் மற்றவர்களுக்கு. இப்போதும் அப்படியே இருக்கிறது, யாரும் கை வைக்கவில்லை என்று அடித்துச் சொன்னான்.

மூன்று மணிக்கு ஃபோட்டோகிராபரின் அறை. பளபளவென்று புதுக் கம்ப்யூட்டர். அதில் மணப்பெண்ணின் முகப்பருவைத் துடைத்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் படங்களைப் பென்டிரைவில் ஏற்றி, உடைந்த மூடியை டேப் போட்டு ஒட்டியிருந்த ஒரு பழைய லேப்டாப்பில் சொருகினார். கல்யாண வீட்டுக்கு அனுப்புவது அதிலிருந்துதான். முன்பெல்லாம் ஆல்பம் போய்ச்சேரச் சாயங்காலம் ஆகிவிடும், இப்போது டீ ஆறுவதற்குள் போய்விடுகிறது என்று பெருமையடித்தார். இரண்டு மணிக்கு எதுவும் அனுப்பவில்லை, தூங்கி இப்போதுதான் எழுந்தேன் என்றார். மேஜையில் பாதி குடித்த டீ இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. துருவி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

மூன்றேகாலுக்கு எல்லாரையும் கூடத்துக்குக் கூப்பிட்டாள். கொழுந்தன் பையோடு வந்து நின்றான்.

"அந்தப் பழைய லேப்டாப் யாரோடது?"

"என்னோடதுதான் அண்ணி. ஆஸ்பத்திரில புதுசு குடுத்தாங்க. அதான் பழசை மாமாகிட்ட குடுத்துட்டேன்."

"எப்போ?"

"போன மாசம்," என்றவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"வைஃபை பெட்டிக்கு ஆளைத் தெரியாதும்மா, மெஷினைத்தான் தெரியும். நீ லேப்டாப்பைக் குடுத்தப்பவே முதலிடமும் கீழ போயிடுச்சு. இவர் ஆல்பம் கிளம்பினா, உன் கை வாசல்லயே நிக்கணும்."

கொடுத்ததை வாங்கிக்கொண்டேன், எனக்கென்ன தெரியும் என்றார் ஃபோட்டோகிராபர். சின்னவளுக்கும் அது நியாயமாகவே பட்டது.

"தெரியும் அண்ணா," என்றாள் துருவி. "புதுக் கம்ப்யூட்டர்லயே நெட் இருக்கு. அப்புறம் எதுக்குப் படத்தைப் பென்டிரைவ்ல ஏத்தி, ஒடஞ்ச லேப்டாப்ல சொருகுறீங்க? அதுலதான் சீக்கிரம் போகுதுன்னு தெரியாம யாரும் அப்படி மெனக்கெட மாட்டாங்க."

அவர் தரையைப் பார்த்தார். "முதல்ல தெரியாது. தெரிஞ்சப்புறம் விட மனசு வரல. மத்தவங்களுக்கு முன்னாடி அனுப்பறேன்னு ஊர்ல பேர் வந்துடுச்சு."

"பேர் உங்களுக்கு, பழி தம்பிக்கு. ரெண்டு மணிக்கும் நீங்கதானே?"

அவர் தலையாட்டினார்.

வெளியூரிலிருந்தே கணவன் முதலிடத்தைப் புது லேப்டாப்புக்கு மாற்றினான். நாலு மணிக்குச் சின்னவளின் கைகள் மாடியில் பேசத் தொடங்கின. கடைசிவரை நிற்கவில்லை. அடுத்த வாரமும் வரச் சொல்லிவிட்டார்கள்.

அவள் இறங்கி வந்தபோது கொழுந்தன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். ஊருக்கெல்லாம் பேசுகிறவளுக்கு வாய் வரவில்லை. வெட்கத்தில் கண் கலங்கியது. கை மட்டும் நெஞ்சுக்குப் போய் மெல்ல வட்டமிட்டது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "தப்புன்னு சொல்றீங்களா அண்ணி, மன்னிச்சுடுன்னா?"

"ரெண்டும்தான்."

அவன் செருப்பைக் கழற்றினான். பிறகு பையைத் தோளிலிருந்து இறக்கினான்.