எட்டு அடி மேளம்

ஒரு சிநேகிதியின் விலை என்ன? எட்டு அடி மேளம். அந்த விலைக்குத்தான் தாளம் தன் சிநேகிதியை விற்றாள். அதுவும் பேரம்கூடப் பேசாமல்.

மேசை, தட்டு, அண்ணன் முதுகு என்று கைக்கு எட்டியதையெல்லாம் தட்டுவதால் அவளுக்குத் தாளம் என்று பெயர். அண்ணனின் மடிக்கணினியில் இசை அமைக்கும் மென்பொருள் இருந்தது. திரையில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு வண்ணப் பட்டை. பட்டையை இழுத்தால் இசை நீளும், வெட்டினால் குறையும். பள்ளி விழாவில் ஐந்தாம் வகுப்பு பாடப்போகும் பாட்டுக்கு அதில்தான் அவள் இசை செய்தாள்.

பாடப்போகிறவள் அவள் சிநேகிதி பொடிசு. ஆள் பென்சில் அளவு, குரல் கூடம் அளவு. பாட்டுக்கு முன்னால் வரும் முன்னிசையைக் கேட்டுக் கேட்டு, எந்த இடத்தில் வாயைத் திறக்க வேண்டும் என்று பழகி வைத்திருந்தாள்.

ஒத்திகைக்கு முந்தின நாள் தாளத்துக்குக் கை சும்மா இருக்கவில்லை. முன்னிசை சப்பென்று இருப்பதாகப் பட்டது. அதில் இருந்த ஒன்றிரண்டு வாத்தியங்களைத் தூக்கிவிட்டு வயலின் கூட்டத்தை இறக்கினாள். மேலே ஒரு மணி. அதற்கும் மேலே ஓர் இடியோசை. கடைசியில், பொடிசு பாட வேண்டிய அதே இடத்தில், தொம் தொம்மென்று எட்டு அடி மேளத்தைச் செருகினாள். கேட்கிறவர்கள் அசந்துபோவார்கள் என்று நினைத்தபடி அசந்து தூங்கினாள். பொடிசிடம் சொல்ல மறந்தேபோனாள்.

மறுநாள் கூடத்தில் மற்ற வகுப்புகளும் உட்கார்ந்திருந்தன. வயலின் வந்தது, மணி வந்தது, இடி இடித்தது. இது என்ன புதுசாக இருக்கிறதே என்று பொடிசு திகைத்தாலும், பழகிய இடத்தில் சரியாக வாயைத் திறந்தாள். மேளமும் அங்கேயே வாயைத் திறந்தது. சந்தைக் கூட்டத்தில் கைவிட்டுப்போன பிள்ளையாக அவள் குரல் தொலைந்தது. தடுமாறி நிறுத்தினாள். மறுபடி தொடங்குவதற்குள் பாட்டு ஒரு வரி தாண்டிப் போயிருந்தது. கூடமே சிரித்தது.

பாட்டு டீச்சர் இசையை நிறுத்தச் சொன்னார். "என்னம்மா, இவ்வளவு பழகியும் எங்க ஆரம்பிக்கணும்னு தெரியலையா?"

"தப்புதான் டீச்சர். நாந்தான் இடத்த விட்டுட்டேன்" என்றாள் பொடிசு.

தாளம் அப்போதே பேசியிருக்க வேண்டும். அதை விட்டு, கடன்காரரைக் கண்டவள்போல மடிக்கணினிக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். நாளையும் இப்படியானால் ஆறாம் வகுப்பு அக்கா ஒருத்தியைப் பாட வைத்துவிடலாம் என்று டீச்சர் சொன்னதும் காதில் விழுந்தது. பொடிசு சரி என்று தலையாட்டியதும் கண்ணில் பட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் பொடிசுதான் அவளைத் தேற்றினாள். "உன் மியூசிக் சூப்பர்டி. நாந்தான் கெடுத்துட்டேன்."

தாளத்துக்குக் காது சுட்டது. நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

வீட்டில் கணினியைத் திறந்து, பொடிசு இடத்தில் நின்று தானே பாடிப் பார்த்தாள். முதல் தடவை முந்திக்கொண்டாள். அடுத்த தடவை பிந்திவிட்டாள். வீட்டைக் கட்டிவிட்டு வாசல் வைக்க மறந்தவள்போல முழித்தாள்.

வெட்ட ஆரம்பித்தாள். இடி போயிற்று. மணி போயிற்று. வயலின்கள் வரிசையாகப் போயின. மேளத்திடம் வந்ததும் விரல் பேரம் பேசியது. இரண்டு அடியாவது இருக்கட்டுமே என்று கெஞ்சியது. அவள் மசியவில்லை. எல்லாம் போனபிறகு ஒரு புல்லாங்குழலை மட்டும் வைத்து, பாட்டின் முதல் வரியை மெதுவாக வாசிக்கவிட்டாள். அதன்பின் ஒரு மூச்சு இழுக்கும் அளவுக்கு இடம். அவ்வளவுதான்.

பக்கத்தில் அண்ணன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம். குழல் நின்றது. அண்ணன் தன்னை அறியாமல் மூச்சை இழுத்து, சரியான இடத்தில் பாடத் தொடங்கினான். கேட்கச் சகிக்கவில்லை. ஆனால் இடம் சரி.

மறுநாள் ஒத்திகைக்கு முன்பே, அதே கூடத்தில், தாளம் டீச்சர் பக்கத்தில் போய் நின்றாள்.

"டீச்சர், நேத்து பொடிசு சரியாத்தான் ஆரம்பிச்சா. நாந்தான் அவகிட்ட சொல்லாம அந்த எடத்துல மேளத்த வச்சேன். தெரிஞ்சும் பேசாம இருந்துட்டேன்."

பின்வரிசையில் சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு சரியான விலாசத்துக்குத்தான் வந்திருக்கிறது என்று அவள் வாங்கிக்கொண்டாள். டீச்சர் கண்ணாடிக்கு மேலாக அவளை நீளமாய் ஒரு பார்வை பார்த்தார். பிறகு, பாட்டைப் போடு என்றார்.

குழல் வாசித்தது. ஒரு மூச்சு. பொடிசின் குரல் கூடத்தை நிறைத்தது. ஆறாம் வகுப்பு அக்காவைப் பற்றி டீச்சர் மறுபடி பேசவே இல்லை. வயலின் எங்கே, இடி எங்கே என்று ஒருவரும் தேடவும் இல்லை.

மேடையைவிட்டு இறங்கிய பொடிசு, தாளத்தைத் தாண்டி நாலு அடி போய்விட்டுத் திரும்பி வந்தாள். தாளம் மன்னிப்புக் கேட்டாள். பொடிசு கணக்குப் பார்ப்பதுபோல விரலை மடக்கினாள்.

"மேளம் வச்சத எல்லார் முன்னாடியும் சொல்லிட்ட. அது சரியாப்போச்சு. நேத்து வழியெல்லாம் நான் உன்னத் தேத்துனேன், நீயும் பேசாம கேட்டுட்டே வந்த. அது தனி."

"அதுக்கு என்ன பண்ணணும்?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்று அவள் கையைப் பிடித்து வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள் பொடிசு.

ஆக, ஒன்று தீர்ந்தது. ஒன்று பாக்கி.