மூன்று மணித் தண்ணீர்

1974, ஒரு திங்கட்கிழமை விடியற்காலை. கிண்ணியாவில் அன்ஸாரின் குளத்துக் கெண்டைகள் அத்தனையும் வாயைப் பிளந்தபடி செத்து மிதந்தன. வெள்ளிக்கிழமை அவனுக்கும் ஜெமீலாவுக்கும் நிக்காஹ். அந்தச் சாப்பாட்டுக்கென்றே வளர்த்த மீன்.

பழி பெண்ணின் தகப்பன் அபூதாஹிர்மீது விழுந்தது. கடலில் எடுத்த முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு விற்கிறவர். சீதனக் காணிப் பேச்சில் அன்ஸாரோடு சண்டை பிடித்திருந்தார். போதாததற்கு, அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அன்ஸார் ஊர் பார்க்க, லிட்மஸ் என்கிற சிவப்புப் பாசிச்சாயத்தாளைக் குளத்தில் நனைத்தான். தாள் நீலமாகியது. சுண்ணாம்புத் தண்ணீரிலும் அப்படித்தான் ஆகும். படித்த பிள்ளை தாளைக் காட்டினால் ஊர் வேறென்ன கேட்கும்! அன்ஸார் பொலிஸில் சொல்ல, மனிதர் மறியலில் அடைபட்டார்.

அன்று மாலை எதிர்க்கரைத் துறைமுகத்திலிருந்து லோஞ்சுப் படகில் வந்திறங்கிய இன்ஸ்பெக்டர் இராசதுரை அன்ஸாரைக் கூட்டிக்கொண்டு நேரே குளத்தடிக்குப் போனார்.

"தம்பி, விரால் ஒண்டும் சாகேல்லையோ?"

"இல்ல சேர். அது ஓடித் திரியுது."

"தண்ணி எப்பவும் இப்பிடிப் பச்சையோ?"

"இந்தக் கிழமைதான். மீன் கொழுக்கட்டும் எண்டு யூரியா போட்டன்."

"எவ்வளவு?"

"நிறையத்தான் சேர்."

மறுநாள் விடியுமுன் இராசதுரை அதே குளத்தில் புதிய தாளொன்றை நனைத்தார். தாள் சிவப்பாகவே இருந்தது.

"சுண்ணாம்பு இரவில எழும்பி வீட்டுக்குப் போகாது, தம்பி."

அன்ஸார் புரியாமல் அவரைப் பார்த்தான்.

"யூரியாவால கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகினது. வெயில் நேரம் அது தண்ணியில கரைஞ்ச காபனீரொட்சைட்டை, நாங்கள் மூச்சில வெளிய விடுற வாயுவை, எடுத்துத் தனக்குச் சாப்பாடு செய்யும். அது குறையக் குறையத் தண்ணி காரமாகும். அதுதான் உங்கட மூண்டு மணி நீலம். இரவில அதுக்குச் சமைக்க ஏலாது, மூச்சு மட்டும் விடும். காபனீரொட்சைட்டு தண்ணிக்குத் திரும்பி வரும், ஒட்சிசன் முடிஞ்சுபோகும். கெண்டை மூச்சு முட்டிச் செத்தது. விரால் மேல வந்து காத்தைக் குடிச்சுத் தப்பினது. சுண்ணாம்பெண்டால் விராலையும் விட்டிராது. உங்கட மீனைச் சாகடிச்சது நீங்கள்தான்."

அன்ஸார் கரையில் குந்திவிட்டான். பாவம், பெண்வீட்டார் வயிறாறச் சாப்பிட வேண்டும் என்றுதான் அதைப் போட்டிருந்தான்.

மத்தியானம் அபூதாஹிர் வீடு வந்தார். அன்ஸார் பின்னாலேயே ஓடிவந்து அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். கதவடியில் ஜெமீலா நின்றாள்.

"தெரியாமச் செய்திட்டன் ஜெமீலா. வெள்ளிக்கிழமை..."

"யூரியா போட்டதை நான் பிழையெண்டு சொல்லல்ல." அவள் அழுதுகொண்டே சொன்னாள். "வாப்பாவப் பொலிஸில குடுக்க முந்தி, 'மாமா, நீங்களா செய்தீங்க?' எண்டு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அன்ஸார் அவர் படுத்திருந்த அறைப் பக்கம் பார்த்தான்.

"தாளிட்டத்தானே கேட்டீங்க. என்னிட்டயும் கேக்கல்ல."

அவளுக்கு அவன்மேல் கொள்ளை ஆசை. அது ஊருக்கே தெரியும். வெள்ளிக்கிழமை நிக்காஹ் நடக்கவில்லை.